மஞ்சணத்தி ஓடைக்கு ஒரு விமான நிலையம்

கீழச்சடையூர் விமான நிலையத்துக்கு மந்திரிகள், அதிகாரிகள், நிபுணர்கள் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும் ஓர் அனுமதி பாக்கி இருந்தது. அதைக் கொடுக்க வேண்டியவை மீன்கள்.

மலையடிவாரத்திலிருந்து இறங்கி வரும் மஞ்சணத்தி ஓடை, ஓடுபாதைக்காக எடுத்த நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. அதற்குக் கீழே வயல்கள். வயல்களுக்கும் கீழே இரண்டு ஊர்களுக்குக் குடிதண்ணீர். முன்பெல்லாம் இப்படிப்பட்ட இடத்தில் கட்டுமானம் நடந்தால் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு திரும்பி வருவதற்குள் கெட்ட தண்ணீர் கடலில் போய்ச் சேர்ந்திருக்கும். கருவிகளை நட்டுப் பார்த்தார்கள். கருவிகளுக்குப் பாசி பிடித்தது, அல்லது யாராவது கழற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் மதுரையில் டாக்டர் ஹமீதா பானு என்பவர் ஒரு மீனைச் செய்தார்.

விரல் நீள மீன். அதன் மரபணுவில் ஹமீதா பானு செய்த மாற்றத்தால் தண்ணீரில் எது கலந்தாலும் உடம்பு நிறம் மாறும். மண் கரைந்தால் மஞ்சள். டீசல் கசிந்தால் சிவப்பு. சாக்கடை சேர்ந்தால் பச்சை. சிமென்ட் கழுவிய தண்ணீர் வந்தால் ஊதா. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது இளஞ்சந்தன நிறம். இவற்றை நிறக்கெண்டை என்றார்கள். புதிய சட்டம் எளிமையானது: மீன் சந்தன நிறத்தில் இருந்தால் வேலை நடக்கலாம். நிறம் மாறினால், அது திரும்பும்வரை ஒரு சட்டி மண்கூட அள்ளக் கூடாது. மீனே இல்லாமல் போனால் அனுமதி ரத்து.

இந்த மீன்களுக்கு மேற்பார்வை அலுவலராக வந்தவள் ஜெபக்கனி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. முப்பத்துச் சொச்சம் வயது. நல்ல படிப்பு, கண்டிப்பான ஆள், ஆனால் ஒரு கெட்ட பழக்கம்: சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்துவிடும். நேர்முகத் தேர்விலேயே, "மீன்கள் அனுமதி மறுத்தால் மேல்முறையீடு எங்கே?" என்று ஒருவர் கேட்க, "தண்ணிக்குள்ளதான் சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தவள். எப்படியோ வேலை கிடைத்தது. ஓடைப் பாலத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் அவள் அலுவலகம். தண்ணீருக்குள் வைத்த கேமராக்கள் மீன்களின் நிறத்தையும் எண்ணிக்கையையும் அவள் மேஜைத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மண் வெட்டத் தொடங்கிய முதல் வாரமே மீன்கள் மஞ்சளாயின. ஜெபக்கனி வேலையை நிறுத்தினாள். ஒப்பந்த நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பொறியாளர் புழுதி பறக்க ஓடி வந்தான். பெயர் சிவசண்முகம். பெருந்துறைக்காரன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாலும் மரியாதை குறையவில்லை.

"மேடம், மீனு மஞ்சளாச்சுன்னு வேலையை நிறுத்திட்டீங்களாமுங்?"

"நான் எங்க நிறுத்தினேன்? மீனுல்லா நிறுத்திருக்கு."

"அதுககிட்டப் பேசிப் பாக்க முடியுங்களா?"

"தாராளமா. லாரி போற தடத்துல மண்ணு சரியாம ஒரு தடுப்பு வச்சிட்டு வந்து பேசுங்க. கேக்கும்."

அவன் தென்னை நார்ப் பாய்களைக் கொண்டுவந்து கரை நெடுகக் கட்டினான். வண்டல் படிவதற்குக் குழிகள் வெட்டினான். மீன்கள் சந்தனத்துக்குத் திரும்பின. அன்று மாலை சிவசண்முகம் ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டையோடு வந்தான். ஒப்பந்தக்காரர் தரப்பிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று ஜெபக்கனி மறுத்துவிட்டாள்.

"சரிங்க, மீனுக்காச்சும் போடட்டுங்களா?"

"அது அதைவிடப் பெரிய லஞ்சம்" என்று சொன்னவள் சிரித்த சிரிப்பில் பாலத்தில் போன சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்று என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அந்த மஞ்சள் நாட்களில் வேறொன்று நடந்துவிட்டது. கீழச்சடையூர் பஞ்சாயத்துத் தலைவர் பேச்சியம்மாள் பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தார். ஆயிரக்கணக்கில் மீன்கள், வெயிலில் சாமந்திப்பூவைக் கொட்டியதுபோலக் கூட்டமாகத் திரும்பின. பேச்சியம்மாள் ஐம்பது வயதிலும் ஓடி ஓடி வேலை செய்கிற மனுஷி. எதைப் பார்த்தாலும் இதனால் ஊருக்கு என்ன வரும் என்று யோசிப்பார். அந்த வாரக் கடைசியில் பாலத்தின் இரு முனையிலும் பலகை வைத்தாயிற்று: வானவில் ஓடை.

கூட்டம் வரத் தொடங்கியது. முதலில் பக்கத்து ஊர்கள், பிறகு திருநெல்வேலி, பிறகு பேருந்து பேருந்தாக. வடைக்கடை, வளையல்கடை, ராட்டினம். ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்டாச்சா என்று கேட்பது போய், "இன்னைக்கு என்ன கலரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மீன் பச்சையாக இருக்கும் நாளில் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு பெண்கள் கூட்டமாக வந்து படம் எடுத்தார்கள். அந்தப் பச்சை அவர்கள் வீட்டுச் சாக்கடையின் நிறம் என்று ஜெபக்கனி எடுத்துச் சொன்னாள். "எங்க வீட்டுதா? அப்பம் எங்களுக்குத்தான் முதல் வரிசை" என்று முன்னால் வந்து நின்றார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அந்த நிறங்கள்மேல் ஒரு மயக்கம் இருந்தது. திரையை விட்டுவிட்டுப் பாலத்தில் போய் நின்றுகொள்வாள்.

தோஹாவிலிருந்து அவள் தம்பி எட்வின் தொலைபேசியில் சத்தம் போட்டான்.

"அக்கா, இங்க நம்ம ஊரு ஆட்கள் எல்லாம் சடையூருக்கு எப்பம் பிளேன் வரும்னு என்னைத்தான் கேக்காவ. உன் மீனு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டா எங்க பாடு என்ன ஆவுது?"

"மூஞ்சி இல்லடா, முழு உடம்பையும் தூக்கி வச்சிக்கும். நீ மதுரையில எறங்கி பஸ்ல வா" என்றாள்.

தை மாதத்தில் ஒரு நாள், பட்டப்பகலில், மீன்கள் ஊதாவாயின.

அப்படியொரு ஊதாவை யாரும் பார்த்ததில்லை. பழுத்த நாவல் பழத்தைத் தண்ணீரில் உருட்டி விட்டதுபோல் இருந்தது. ஜெபக்கனி வேலையை நிறுத்தினாள். சிவசண்முகம் இந்த முறை ஓடி வரவில்லை, நடந்து வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"மேடம், ஊதான்னா சிமென்டுங். நாங்க இன்னும் ஒரு மூட்டை சிமென்டு பிரிக்கலீங். சத்தியமா எங்க வேலையில்லீங்."

"பின்ன யாரு வேலை?"

"வாங்க, மேல ஏறிப் பாத்துரலாமுங்."

இருவரும் ஓடைக்கரையோடு மேலே நடந்தார்கள். முதல் வளைவைத் தாண்டியதுமே நாதஸ்வரம் கேட்டது. அடுத்த வளைவில் பந்தல். ஓடை நடுவில் ஒரு பாறைமேல் ஊதாப் பட்டுப்புடவையில் மணப்பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, ஊதாக் கோட்டில், வழுக்கிவிடுவோமோ என்ற பயத்தில். படக்காரர் ஒரு கையில் கேமராவும் மறு கையில், சிமென்ட் தண்ணீர்போலவே காரமான சலவைச் சோடா மூட்டையுமாக முழங்கால் தண்ணீரில் நின்று, "இன்னும் ரெண்டு கை போடுதேன், புடவைக்கு அப்படியே மேட்சாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கரையில் நாற்காலி போட்டு விருந்தாளிகளை உட்காரவைத்துக்கொண்டிருந்தவர் சூசைமாணிக்கம். விமான நிலைய வேலையில் மண்ணள்ளும் எந்திரம் ஓட்டுபவர். மணப்பெண் டயானாவின் அப்பா. அலுவலர் வருவதைப் பார்த்ததும் அவர் கும்பிட்டு, "வாங்கம்மா, சாப்புட்டுட்டுத்தான் போணும்" என்றார்.

ஜெபக்கனிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள். சிவசண்முகத்தின் முகத்தைப் பார்த்தாள். அவனும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

அப்போதுதான் டயானா பாறையிலிருந்து, "அப்பா, இந்த மீனுக்கு என்னாச்சு?" என்றாள்.

அவள் காலடியில் சில ஊதா மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தன. வாய் மட்டும் திறந்து மூடியது. ஒன்றிரண்டின் வாய் மூடவில்லை. ஜெபக்கனி செருப்போடு தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் அவற்றை அள்ளினாள். உள்ளங்கையில் இருக்கும்போதே நிறம் கருத்து அணைந்தது. சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாதஸ்வரக்காரரும் நிறுத்திவிட்டார்.

"இது அலங்காரம் இல்லம்மா" என்றாள் மணப்பெண்ணிடம், குரலை உயர்த்தாமல். "மூச்சு முட்டுதுன்னு அதுக சொல்லுத பாஷை."

டயானா அழுதாள். கண் மை கன்னத்தில் இறங்கியது. சூசைமாணிக்கம் படக்காரரின் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கிக் கரையில் எறிந்துவிட்டு, மெதுவாக ஒன்றைப் புரிந்துகொண்டு பொறியாளரைப் பார்த்தார்.

"சார், அப்பம் இன்னைக்கு வேலை நின்னது..."

"இதாலதானுங் அண்ணா."

"என் மக கல்யாணத்துக்கு என் வேலையவே மொய்யா எழுதிட்டேனே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மறுநாள் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஜெபக்கனி உரக்கவே பேசினாள். இனிமேல் விமான நிலையத்துக்கு என்ன சட்டமோ அதே சட்டம் ஊருக்கும். ஓடையில் எதுவும் கொட்டக் கூடாது. சாக்கடை இறங்கக் கூடாது.

பேச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "ஏ பிள்ளை, கலரு போயிட்டா எவன் வருவான்? நீ சொல்லுதது சுத்தம், சரி. சுத்தத்தைப் பாக்க டவுன்லேருந்து பஸ் பிடிச்சு வருவானா?"

"வர மாட்டான்க்கா. ஆனா கீழ உள்ளவன் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கான்."

"ஊரு சாக்கடையை நான் எங்க கொண்டு விட? என் தலையிலயா?"

ஓரமாக உட்கார்ந்திருந்த சிவசண்முகம் தொண்டையைச் செருமினான். "அதை நாங்க பாத்துக்கறோமுங்க்கா. ஊரு பச்சையானாலும் நிக்கறது எங்க வேலைதானுங். சாக்கடை மொத்தத்தையும் திருப்பி, நாணலும் கோரையும் நட்டு ஒரு பாத்தி போட்டுத் தர்றோம். தண்ணி அதுக்குள்ள போயித் தெளிஞ்சுதான் ஓடையில விழுகும்."

பேச்சியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பிளேன் விட வந்த ஆளு எங்க கக்கூஸ் தண்ணியைக் கழுவப் போறீரா?"

"வேற வழியில்லீங்க்கா. மீனு சொல்லுதுங்."

நாணல் வளர்ந்தது. மழையும் நன்றாகப் பெய்தது. ஊர் சோப்புத்தண்ணீர் பாத்திக்குள் போய் மறைந்தது. வேலை தடையில்லாமல் நடந்தது, ஓடுபாதை நீண்டது. ஓடையில் மஞ்சள் வரவில்லை, பச்சை வரவில்லை, சிவப்பு வரவில்லை. ராட்டினக்காரர் ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு போனார்.

ஆனால் மீன்கள் வெளுக்கத் தொடங்கின. சந்தனம் மோராகியது. மோர் நீர்மோராகியது. சட்டத்தின் நிறப் பட்டியலில் வெளுப்பு இல்லாததால் வேலை நிற்கவில்லை. ஊரே கவலைப்பட்டது. ரத்தமில்லை என்றார்கள். பேச்சியம்மாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்து, "ஒரே ஒரு பிடி போட்டுப் பாப்போமே பிள்ளை, இரும்புச் சத்து" என்று கெஞ்சினார். ஜெபக்கனி அனுமதிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை திரையில் ஒரு மீன்கூட இல்லை.

பாலத்துக்கு ஓடினாள். கீழே தண்ணீர், மணல், கூழாங்கல். வேறு ஒன்றும் இல்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒப்பந்தக்காரன் விஷம் வைத்தான் என்றார் ஒருவர். ஊர்க்காரர்கள்தான் பிடித்துத் தின்றார்கள் என்றார் இன்னொருவர். கேமரா தானாகவே தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தது: மீன் இல்லை. எந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அனுமதியை ரத்து செய்ய ஆணையர் ரங்கபாஷ்யம் அன்றே நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. தொழிலாளர்கள் வரிசையாக மூட்டை கட்டத் தொடங்கினார்கள். சூசைமாணிக்கம் எந்திரத்தின் சாவியைக் கொண்டுவந்து சிவசண்முகத்திடம் கொடுத்தார்.

ஜெபக்கனி தனியாக ஓடைக்குள் இறங்கினாள். செத்த மீனாவது கிடைத்தால் எதனால் செத்தது என்று பார்க்கலாம். ஒன்றுகூட இல்லை. வளைவு வரை நடந்தாள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. தான் போட்ட கட்டளைகள் எல்லாம் சேர்ந்து அவற்றைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டதோ என்று நினைத்தாள். டயானா நின்ற பாறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் என்னவோ கூசியது.

காலை உதறினாள். மறுபடி கூசியது. இப்போது இரண்டு காலிலும். விரலிடுக்கில், குதிகாலில், கணுக்காலில், சின்னச் சின்ன வாய்கள் கொத்திக் கொத்தி இழுப்பதுபோல. குனிந்து பார்த்தாள். கால் இருந்தது, மணல் இருந்தது. இடையில் எதுவும் இல்லை. கையை விட்டாள், கையும் கூசியது. அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே மதுரைக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், மீனு இருக்கு, ஆனா இல்ல!"

"நிதானமாச் சொல்லுங்க" என்றார் ஹமீதா பானு.

சொன்னாள்.

"ஜெபக்கனி, இது மூலத்துல கண்ணாடிக் கெண்டை. உடம்பு தெரியாது. நிறம் நல்லாத் தெரியணும்னு மினுமினுப்பையும் நாங்க எடுத்துட்டோம். நிறம் வந்தாத்தான் மீனே தெரியும்."

"அப்பம் அந்தச் சந்தனக் கலரு?"

"அதுதான் இயல்பான நிறம்னு நெனச்சோம். எங்க ஆய்வுக்கூடத்துத் தொட்டியில எப்பவும் அந்த நிறந்தான். வெவ்வேறு ஊர்த் தண்ணியில விட்டுப் பாத்தோம், எல்லாத்துலயும் அதேதான்." அவர் குரல் தயங்கியது. "அதுவும் அழுக்குதான் போல. கொஞ்சமா, எல்லா இடத்துலயும் இருக்கற அழுக்கு. நல்ல தண்ணியில இந்த மீன் எப்படி இருக்கும்னு எங்களுக்கே தெரியாதும்மா. எங்களுக்கு நல்ல தண்ணியே கிடைக்கலையே!"

ஆணையர் ரங்கபாஷ்யம் வந்து இறங்கினார். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை என்பார்கள். பாலத்தில் நின்று ஓடையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஜெபக்கனியைப் பார்த்தார். அவள் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"மீன் எங்கேம்மா?"

"இங்கதான் சார் இருக்கு. தெரியாது."

"தெரியாத மீனை நான் எப்படி அறிக்கையில் எழுதறது?"

"ஒரு நிமிஷம் காலை விட்டுப் பாருங்க சார்."

சுற்றிலும் ஊரே நின்றது. ஆணையர் இடமும் வலமும் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றினார், காலுறையை மடித்து உள்ளே வைத்தார், கால்சட்டையைச் சுருட்டினார். சிவசண்முகம் கை கொடுக்க, படிக்கல்லில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் வைத்தார். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

முதலில் அவர் மீசை துடித்தது. பிறகு தோள். "இல்லை... இது..." என்று தொடங்கியவர், "ஹிஹி" என்றார். அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று சந்தேகப்பட்டவர்போலத் திரும்பிப் பார்த்தார். மறுபடி "ஹிஹிஹி". அவ்வளவு பெரிய மனிதர் கன்றுக்குட்டிபோலத் துள்ளி, காலை எடுக்கவும் மனமில்லாமல், "ஐயோ, விரலிடுக்கில்... ஐயையோ..." என்று கண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பேச்சியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். சூசைமாணிக்கம், டயானா, அவள் மாப்பிள்ளை, மூட்டை கட்டிய தொழிலாளர்கள், ஆணையரின் ஓட்டுநர். ஓடை நெடுக மனிதர்கள் உட்கார்ந்து காலை விட்டுக்கொண்டு நெளிந்தார்கள், கூச்சலிட்டார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நிறம் பார்க்க வந்த எந்தக் கூட்டமும் அப்படிச் சிரித்ததில்லை. தண்ணீரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

எல்லோரும் கரையேறிய பிறகு, ஈரக்காலோடு சிவசண்முகம் ஜெபக்கனியின் பக்கத்தில் வந்து நின்றான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்க."

"இனிமே மீனு தெரியலேன்னா தண்ணி சுத்தம்னு எழுதுவாங்க. சரிங்க. ஆனா மீனெல்லாம் நெசமாலுமே செத்துப்போச்சுன்னா? அப்பவும் இப்படித்தானுங்களே இருக்கும்?"

ஜெபக்கனி அவனைப் பார்த்தாள். அவன் கேட்டது ஒப்பந்தக்காரர் தரப்பு ஆள் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. மௌனமாக இருந்திருந்தால் அவன் நிறுவனத்துக்கு எத்தனையோ வசதி. வெறும் ஓடையைக் காட்டி எத்தனை வருடமும் ஓட்டலாம்.

"கேமரா எதுக்கும் உதவாதுங்க இனி" என்றான் அவன். "மனுசன் காலுதான் உதவும்."

அவள் அன்றே ஆணையரிடம் பேசினாள். அவர் இன்னும் இடையிடையே சிரித்துக்கொண்டிருந்ததால் உடனே ஒப்புக்கொண்டார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அனுமதியில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. கட்டும்போது மட்டுமல்ல, விமான நிலையம் இருக்கும்வரைக்கும், ஒவ்வொரு நாளும் முதல் விமானம் கிளம்புவதற்கு முன் பொறுப்பான ஓர் ஆள் ஓடையில் கால் வைத்து உட்கார வேண்டும். கூசினால்தான் விமானம் கிளம்பலாம்.

திறப்பு விழா அன்று காலை முதல் விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றது. உள்ளே பயணிகள், மந்திரி, விடுமுறை முடிந்து திரும்பும் எட்வின். முதல் நாள் உரிமை ஊருக்கு என்று பேச்சியம்மாள் சண்டை போட்டு வாங்கியிருந்தார். புதுப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். கரையில் ஜெபக்கனி கையில் பேசும் கருவியோடு நின்றாள். அவளோடு சிவசண்முகம், அவன் ஒப்பந்தக்காரரின் வேலையை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது, அதனால் அவள் பக்கத்தில் நிற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து குரல் வந்தது. "ஓடைக்கரை, ஓடைக்கரை. கூசுதா?"

ஜெபக்கனி பேச்சியம்மாளைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஜெபக்கனி.

ஓடுபாதையில் இன்ஜின் இரைந்துகொண்டிருந்தது. மஞ்சணத்தி மரத்திலிருந்து ஒரு இலை விழுந்து தண்ணீரோடு போனது. அடியில் மணல்துகள் ஒவ்வொன்றும் தெரிந்தது. பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய எந்தச் சாமியையோ கூப்பிட்டார். சிவசண்முகத்தின் விரல்கள் ஜெபக்கனியின் விரல்களைத் தேடிப் பிடித்தன.

"ஓடைக்கரை, விமானத்தில் மந்திரி இருக்கிறார். கூசுதா, இல்லையா?"

"பொறுங்கன்னு சொன்னேன்லா!"

பேச்சியம்மாளின் ஒரு கண் திறந்தது. தோள் ஒரு பக்கமாகத் துள்ளியது.

"ஏட்டி!" என்று அலறினார். "ஏட்டி ஜெபக்கனி, கூசுதுட்டி! வந்துட்டுவட்டி! ஐயோ என் குதிகாலு!"

"கூசுது" என்றாள் ஜெபக்கனி கருவிக்குள். அதற்குமேல் பேச முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் விமானம் கீழச்சடையூரை விட்டுக் கிளம்பி அவர்கள் தலைக்கு மேலே பெரும் சத்தத்தோடு ஏறிப் போயிற்று. ஓடைக்கரையில் நின்றவர்களில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து, ஒன்றுமே தெரியாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.